முட்டைக்கோழித் தீவனமும் சத்து அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முட்டை குறைந்துவிட்டது என்று கவலையோடு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "நேற்று ஒரு கோழி எத்தனை கிராம் தீவனம் தின்றது?" பெரும்பாலும் பதில் வராது. மூட்டையில் புரதம் 17 சதவீதம் என்று அச்சிட்டிருக்கிறதே என்பார்கள். மூட்டைச் சீட்டு சதவீதம் சொல்லும்; கோழியின் உடம்போ கிராமில்தான் கணக்கு வைக்கிறது. இந்த இடைவெளியில்தான் பாதி முட்டை தொலைந்துபோகிறது. கீழே வரும் பதில்களில் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு முட்டை போட கோழி எவ்வளவு சத்தைச் செலவழிக்கிறது?

60 கிராம் முட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஓடு மட்டும் ஏறத்தாழ 6 கிராம். அந்த ஓட்டில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கால்சியமாகக் கணக்கிட்டால் 2.2 கிராம் வரும். வெள்ளையும் மஞ்சளும் சேர்ந்து 6 கிராமுக்குச் சற்று மேலான புரதத்தைச் சுமக்கின்றன. மீதியில் பெரும்பங்கு தண்ணீர், மஞ்சள் கருவில் கொழுப்பு.

கோழியின் எடையோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் பாரம் புரியும். ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள ஒரு பறவையின் உடம்பில் இருக்கும் மொத்தக் கால்சியமே சுமார் 20 கிராம்தான். அதில் பத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு முட்டையோடும் வெளியே அனுப்புகிறது. ஆண்டுக்கு 300 முட்டை என்றால் முட்டையின் எடையே 18 கிலோ. தன் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேல். இதெல்லாம் தீவனத் தொட்டியிலிருந்து வந்தாக வேண்டும். வேறு வழி அதற்குக் கிடையாது.

அப்படியானால் தீவனத்தில் எத்தனை சதவீதம் சத்து இருக்க வேண்டும்?

முட்டை விடும் கோழிக்கு ஒரு நாளைக்குப் புரதம் 17 கிராம், கால்சியம் 4 கிராம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல விளைச்சலில் இருக்கும் மந்தைக்கு இது பொருத்தமான இலக்கு.

கோழி 110 கிராம் தின்றால் தீவனத்தில் புரதம் 15.5 சதவீதமும் கால்சியம் 3.6 சதவீதமும் இருந்தால் போதும். அதே கோழி வெயிலாலோ வேறு காரணத்தாலோ 90 கிராம் மட்டுமே தின்றால், அதே 17 கிராமும் 4 கிராமும் சேர புரதம் 18.9 சதவீதமாகவும் கால்சியம் 4.4 சதவீதமாகவும் இருந்தாக வேண்டும். தீவனம் மாறவில்லை, மூட்டை மாறவில்லை; ஆனால் 20 கிராம் குறைவாகத் தின்றதால் கோழி பட்டினிக்கு ஆளாகிறது. வயிறு நிறைந்த பட்டினி இது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அமெரிக்காவின் நேஷனல் ரிசர்ச் கவுன்சில் 1994இல் வெளியிட்ட கோழித் தீவன அட்டவணையும் இப்படித்தான் இருக்கிறது. வெள்ளை முட்டை விடும் லேயருக்கு, அதாவது முட்டைக்கோழிக்கு, புரதம் 15 சதவீதம், கால்சியம் 3.25 சதவீதம் என்று போட்டிருப்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நாளொன்றுக்கு 100 கிராம் தின்னும் கோழிக்கு என்ற நிபந்தனையை விட்டுவிடுவார்கள். தவிர, இன்றைய கோழி இனங்கள் அந்தக் காலத்தைவிட அதிகம் முட்டை விடுகின்றன. எனவே அந்த எண்களைக் கீழ்வரம்பாக மட்டும் பாருங்கள். உங்கள் கோழி எந்த இனமோ, அந்த இனத்தை உருவாக்கிய நிறுவனத்தின் கையேட்டில் உள்ள அளவுதான் முதல் வழிகாட்டி.

கோழி தின்பதை அளப்பது எளிது. காலையில் போட்டதை எடை போடுங்கள், மறுநாள் காலையில் மிஞ்சியதை எடை போடுங்கள், வித்தியாசத்தைக் கோழி எண்ணிக்கையால் வகுங்கள். சிந்திச் சிதறியதும் இதில் சேர்ந்துவிடும் என்பதால் தொட்டியை முக்கால்வாசிகூட நிரப்ப வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு போதும்.

கோழி எவ்வளவு தின்னும் என்பதை எது தீர்மானிக்கிறது?

பெரும்பாலும் எரிசக்தி. கோழி தன் எரிசக்தித் தேவை நிறையும்வரை தின்று, பிறகு நிறுத்திக்கொள்ளும். லேயர் தீவனத்தில் கிலோவுக்கு 2600 முதல் 2850 கிலோ கலோரி வரை வைப்பது வழக்கம். ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 300 கிலோ கலோரி அளவில் தேவைப்படும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்துத் தீவனத்தில் எண்ணெயைக் கூட்டினால், கோழி குறைவாகத் தின்று சீக்கிரம் திருப்தியாகிவிடும். அதோடு புரதமும் கால்சியமும் உப்பும் எல்லாம் சேர்ந்தே குறைந்துவிடும். எரிசக்தியைக் கூட்டும்போது மற்றச் சத்துகளையும் அதே விகிதத்தில் கூட்ட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தலைகீழாக, தவிடு மாதிரி நார் மிகுந்த பொருள்களைக் கொட்டி எரிசக்தியைக் குறைத்தால், கோழி கூடுதலாகத் தின்று ஈடுகட்டப் பார்க்கும். ஆனால் தீனிப்பைக்கு ஓர் அளவு உண்டு. அந்த எல்லை தாண்டினால் உடல் எடை இறங்கும், பிறகு முட்டை எண்ணிக்கை இறங்கும். முட்டையின் எண்ணிக்கையை முதலில் தொடுவது எரிசக்திக் குறைவு. அளவை முதலில் தொடுவது புரதக் குறைவு. நோய்க்குறி பார்க்கும்போது இந்த வேறுபாடு கை கொடுக்கும்.

எரிசக்தி மிகுந்தாலும் தொல்லைதான். கூண்டில் அசையாமல் நிற்கும் கோழிக்குக் கொழுப்பு கல்லீரலில் சேர்ந்து, ஈரல் மென்மையாகி, ஒரு நாள் உள்ளேயே ரத்தம் கசிந்து செத்துவிடும். நன்றாக முட்டை விட்டுக்கொண்டிருந்த, கொழுத்த கோழி திடீரென்று இறந்து, கொண்டை வெளுத்திருந்தால் அறுத்து ஈரலைப் பாருங்கள்.

புரதம் 16 சதவீதம் போதுமா, 18 வேண்டுமா?

கேள்வியையே சற்று மாற்றிக் கேட்க வேண்டும். கோழிக்குப் புரதம் என்று தனியாக ஒரு தேவை இல்லை. புரதத்தைக் கட்டும் துண்டுகளான அமினோ அமிலங்கள்தான் தேவை. மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் கலந்த தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது மெத்தியோனின், அடுத்து லைசின். சுவர் எழுப்பும்போது காரை தீர்ந்துவிட்டால், செங்கல் எவ்வளவு குவிந்து கிடந்தாலும் சுவர் ஏறாது. மெத்தியோனின் அந்தக் காரை. அது குறைவாக இருக்கும் 18 சதவீதத் தீவனத்தைவிட, அது சரியாக இருக்கும் 16 சதவீதத் தீவனம் அதிக முட்டை தரும்.

செரிமானமாகும் அளவில் லைசின் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம், மெத்தியோனின் அதில் ஏறத்தாழ பாதி என்பது முட்டை உச்சத்தில் இருக்கும் கோழிக்கு நல்ல இலக்கு. "செரிமானமாகும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். அளவுக்கு மீறி வறுத்துக் கருகிய சோயா புண்ணாக்கில் லைசின் ஆய்வுத் தாளில் இருக்கும், கோழிக்குக் கிடைக்காது. சரியாக வேகாத சோயாவில் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் அப்படியே இருந்து வேறு வகையில் கெடுக்கும்.

புரதத்தை வேண்டியதற்கு மேல் கொட்டினால் கோழி அதைச் சேமித்து வைப்பதில்லை. உடைத்து யூரிக் அமிலமாக எச்சத்தில் தள்ளுகிறது. அதற்கும் சக்தி செலவு, உடலில் வெப்பம் வேறு. தண்ணீர் அதிகம் குடிக்கும், எச்சம் ஈரமாகும், கொட்டகையில் அமோனியா நெடி ஏறும். தீவனத்திலேயே விலை உயர்ந்த சத்து காற்றில் போகிறது என்பதை மூக்கு சொல்லிவிடும்.

முட்டை எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் சிறியதாகவே வருகிறது. என்ன செய்யலாம்?

கோழிக்கு என்ன வயது என்று முதலில் பாருங்கள். முட்டை விடத் தொடங்கிய சில வாரங்களுக்குச் சிறிய முட்டை இயல்பு. வயது ஏற ஏறப் பெரிதாகும்.

30 வாரம் தாண்டியும் சிறியதாக இருந்தால், வரிசையாக மெத்தியோனின், மொத்தப் புரதம், லினோலிக் அமிலம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். லினோலிக் அமிலம் தாவர எண்ணெயில் இருக்கும் ஒரு கொழுப்பு அமிலம். தீவனத்தில் குறைந்தது 1 சதவீதம் வேண்டும். மக்காச்சோளம் நிறைய இருக்கும் தீவனத்தில் இந்தக் கவலை இல்லை. அதற்குப் பதிலாகக் கோதுமையோ குருணையோ சோளமோ போடும்போது சத்தமில்லாமல் குறைந்துவிடும். கொஞ்சம் சோயா எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் சேர்த்தால் சரியாகும்.

இன்னொரு காரணமும் உண்டு, ஆனால் அதைச் சரிசெய்யும் காலம் கடந்துவிட்டிருக்கும். முதல் முட்டை விடும்போது எடை குறைவாக இருந்த கோழி, வாழ்நாள் முழுவதும் சற்றுச் சிறிய முட்டைதான் விடும். முட்டை விடத் தொடங்கும் முன் உள்ள விடைக்கோழிப் பருவத்தில் வாராவாரம் எடை போட்டுப் பார்ப்பது அதற்காகத்தான்.

தோல் முட்டை வருகிறது, ஓடு மெலிந்து உடைகிறது. கால்சியத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

சில சமயம் ஆகும். ஆனால் இது "எவ்வளவு" என்பதோடு "எப்போது" என்பதும் சேர்ந்த விஷயம். கோழித் தீவனத்தில் எனக்கு மிகவும் வியப்பூட்டும் பகுதி இதுதான், அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கரு சூலகத்திலிருந்து விடுபட்டதிலிருந்து முட்டை வெளியே வர 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் 18 முதல் 20 மணி நேரம் முட்டை இருப்பது ஓடு உருவாகும் கருப்பைப் பகுதியில். காலையில் முட்டை விடும் கோழிக்கு, அடுத்த முட்டைக்கு ஓடு கட்டும் வேலை மாலையில் சூடுபிடித்து இரவு முழுக்க நடக்கிறது. அந்த நேரத்தில் ரத்தத்திலிருந்து கால்சியம் அவ்வளவு வேகமாக இறங்குகிறது. ரத்தத்தில் ஒரு நேரத்தில் இருக்கும் மொத்தக் கால்சியமும் கால் மணி நேரத்துக்குக்கூடக் காணாது. குடலிலிருந்தோ எலும்பிலிருந்தோ நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அப்போது இருட்டு. கோழி தூங்குகிறது, எதையும் தின்பதில்லை.

மாவாக அரைத்த சுண்ணாம்புக்கல் சில மணி நேரத்தில் கரைந்து குடலைக் கடந்துவிடும். 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சுண்ணாம்புக்கல் துண்டு (கிரிட்) அல்லது கிளிஞ்சல் துண்டு அரைவைப்பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சதவீதம் ஒன்றுதான், ஆனால் பருமனான துண்டு இரவில் வேலை செய்கிறது. கிரிட் இல்லாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டும். எனவே சுண்ணாம்புக்கல்லில் குறைந்தது பாதியாவது பருமனாக இருக்கட்டும். வயதான கோழிக்கு மூன்றில் இரண்டு பங்குவரை போகலாம். சிறிய அளவில் வளர்ப்பவர்கள் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் வைத்துவிட்டால் போதும். தேவையான கோழி தேவையான அளவைத் தானே எடுத்துக்கொள்ளும். மாலையில் அந்தக் கிண்ணத்தைச் சுற்றி நெரிசல் இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

தின்ற கால்சியத்தில் ஏறத்தாழ பாதிதான் உடம்பில் சேரும். ஓட்டில் 2.2 கிராம் இருக்க, தீவனத்தில் 4 கிராம் கேட்பது இதனால்தான்.

கால்சியம் சரியாக இருந்தும் ஓடு மெலிகிறதே?

வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் குடலைத் தாண்டாது. தாவரங்களிலும் ஈஸ்ட்டிலும் கிடைக்கும் டி2 கோழிக்கு மிகக் குறைந்த அளவே பயன்படும். டி3 ஆகவே இருக்க வேண்டும். பழைய வைட்டமின் கலவை, வெயிலில் கிடந்த பை, காற்றுப் புகுந்த பொட்டலம் எல்லாம் இங்கே சந்தேகத்துக்குரியவை.

பாஸ்பரஸ் குறைந்தால் எலும்பு நலியும்; கூடினால் ஓடு நலியும். தானியத்தில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடப்பதால் கோழிக்குக் கிடைக்காது. அதனால் பாஸ்பரஸ் தரும் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) அல்லது அந்தக் கட்டை அவிழ்க்கும் பைட்டேஸ் நொதி சேர்க்கிறோம். கிடைக்கும் பாஸ்பரஸ் 0.35 முதல் 0.45 சதவீதம் என்ற வரம்பில் நின்றுகொள்ளுங்கள். ஓடு மெலிகிறது என்று டிசிபியை அள்ளிப் போடுவது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தேவைப்பட்டது பெரும்பாலும் கிரிட்டாக இருக்கும். மாங்கனீசும் துத்தநாகமும் ஓடு கட்டுவதில் பங்குள்ளவை. தாது உப்புக் கலவை சரியாக இருந்தால் தனியாகக் கவலைப்பட வேண்டாம்.

வயதும் ஒரு காரணம். கோழி முதிரும்போது முட்டை பெரிதாகிறது. ஓட்டுக்குப் போகும் கால்சியம் அதே அளவில் நின்றுவிடுகிறது. அதே மாவில் பெரிய தோசை வார்த்தால் மெல்லியதாகத்தானே வரும். முதிர்ந்த மந்தைக்குக் கால்சியத்தைச் சற்றுக் கூட்டி, மெத்தியோனினைச் சற்றுக் குறைத்து, முட்டை மேலும் பெரிதாகாமல் பார்த்துக்கொள்வது நல்ல உத்தி.

தீவனம் எல்லாம் சரியாக இருந்தால் உப்புத் தண்ணீரையும், மூச்சுக்குழல் நோயையும், வெயிலையும் பாருங்கள்.

முட்டை விடத் தொடங்கும் முன்பே லேயர் தீவனம் கொடுத்துவிடலாமா?

கூடாது. வளரும் கோழிக்குக் கால்சியம் 1 சதவீதம் அளவில் போதும். பல வாரங்களுக்கு முன்பே 4 சதவீதத் தீவனம் கொடுத்தால், செலவாகாத கால்சியத்தை வெளியேற்றியே சிறுநீரகம் கெடும். அந்தச் சேதம் பின்னால் திரும்பாது.

ஆனால் மிகத் தாமதிப்பதும் தவறு. முதல் முட்டைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்பிருந்து, நீண்ட எலும்புகளின் உள்ளே கோழி ஒரு தனிக் கால்சியக் கிடங்கு கட்டுகிறது. இரவில் கை கொடுப்பது அந்தக் கிடங்குதான். அந்த இரண்டு வாரத்துக்கு 2 முதல் 2.5 சதவீதம் கால்சியம் உள்ள இடைநிலைத் தீவனம் பொருத்தம். கொண்டை சிவந்து பெரிதாவது அடையாளம். முதல் முட்டைகள் தென்பட்டதும் லேயர் தீவனத்துக்கு மாறிவிடுங்கள். கிடங்கு நிரம்பாமல் முட்டை விடத் தொடங்கிய கோழிதான் உச்ச விளைச்சலில் கால் ஊன்ற முடியாமல் கூண்டில் படுத்துவிடுகிறது.

பிராய்லர் தீவனம் விரைவில் கொழுக்க வைக்கிறதே, லேயருக்கும் கொடுத்தால் முட்டை கூடுமா?

கூடாது. பிராய்லர் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதத்துக்குக் கீழே. 100 கிராம் தின்றாலும் 1 கிராம் சேராது, ஓட்டுக்கோ 2.2 கிராம் வேண்டும். அதோடு சில பிராய்லர் தீவனங்களில் ரத்தக் கழிச்சலுக்கு எதிராகச் சேர்க்கும் நிக்கர்பசின் என்ற மருந்து லேயருக்கு ஆகாது. பழுப்பு ஓடு வெளுத்துப்போகும், மஞ்சள் கரு திட்டுத்திட்டாகும், முட்டையும் குறையும். பழுப்பு முட்டை திடீரென்று வெள்ளையாக வந்தால் தீவனம் கலந்துபோனதா என்று உடனே விசாரியுங்கள்.

உப்பு அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். விட்டுப்போனால் முட்டையை இவ்வளவு வேகமாக நிறுத்திவிடும் மலிவான பொருள் வேறு இல்லை. சோடியம் 0.15 முதல் 0.18 சதவீதம் வேண்டும். சாதாரண உப்பில் சோடியம் 39 சதவீதம். எனவே ஆயிரம் கிலோ தீவனத்துக்கு 3 கிலோ உப்பு போட்டால் 0.12 சதவீதம் கிடைக்கும்; மீதி மற்றப் பொருள்களிலிருந்து வரும்.

ஒரு முறை கலவையில் உப்பு விட்டுப்போனால், தீவனம் தின்பது குறையும், சில நாட்களில் முட்டை சரியும், கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். மூன்றும் சேர்ந்து தெரிந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். மாறாக, உப்புக் கருவாட்டுத் தூள் சேர்க்கும் தீவனத்தில் மேலும் உப்பு போட்டால் அளவு மீறும். எச்சம் நீராக ஓடும், ஓடும் மெலியும்.

வெயில் காலத்தில் தீவனத்தை எப்படி மாற்றுவது?

20 டிகிரியை ஒட்டிய வெப்பம் கோழிக்குச் சுகம். 30 டிகிரி தாண்டினால் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், தின்பது குறையும். 35 டிகிரி நெருங்கும்போது ஒவ்வொரு டிகிரிக்கும் மளமளவென்று குறையும். தொடக்கத்தில் போட்ட 90 கிராம் கணக்கு இங்கேதான் உயிர் பெறுகிறது.

மூச்சு வாங்குவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. ஓடு கால்சியம் கார்பனேட் அல்லவா? அந்தக் கார்பனேட் ரத்தத்தில் கரைந்திருக்கும் கரியமில வாயுவிலிருந்து வருகிறது. வாய் பிளந்து மூச்சு விடும்போது அது காற்றில் போய்விடுகிறது. கால்சியம் இருந்தும் ஓடு மெலிவது இதனால்தான்.

இதற்குச் செய்யக்கூடியவை: எரிசக்தியில் ஒரு பகுதியை எண்ணெயாகக் கொடுங்கள், தானியத்தைவிட எண்ணெய் செரிக்கும்போது உடலில் உண்டாகும் வெப்பம் குறைவு. மொத்தப் புரதத்தை ஏற்றாமல் மெத்தியோனினையும் லைசினையும் தனியாகக் கூட்டுங்கள். கால்சியத்தையும் வைட்டமின் கலவையையும் தின்பது குறைந்த அளவுக்கு உயர்த்துங்கள். உப்பில் ஒரு பங்குக்குப் பதில் சோடா உப்பு சேர்ப்பது ஓட்டுக்கு உதவும். எல்லாவற்றையும்விட, தீவனம் போடும் நேரத்தை மாற்றுங்கள்: விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பின்பும். நண்பகலில் தின்ற தீவனத்தின் சூடும் வெளி வெயிலும் ஒன்றாகச் சேர்ந்தால் கோழி தாங்காது.

தண்ணீரைச் சத்தாகக் கணக்கிட வேண்டுமா?

முதல் சத்தே அதுதான். முட்டையின் வெள்ளைக் கருவில் 88 சதவீதம் தண்ணீர். சாதாரண நாட்களில் தின்னும் தீவனத்தைப்போல் இரண்டு மடங்கு குடிக்கும்; கடும் வெயிலில் அதற்கும் வெகு மேலே போகும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் போனால் முட்டை பழைய நிலைக்கு வரப் பல நாட்கள் ஆகும், சில கோழிகள் இறகு உதிர்த்துவிடும். தண்ணீர் குடிக்கும் நிப்பிள் குழாய் அடைத்திருக்கும் ஒரு வரிசைக் கூண்டில் மட்டும் முட்டை குறைவதைத் தீவனக் குறை என்று நினைத்து மூட்டையை மாற்றுகிறவர்கள் உண்டு. தண்ணீர் நின்றால் தீவனமும் நிற்கும் என்பதால் வரும் குழப்பம் அது.

வாங்கிய லேயர் தீவனத்தோடு கொஞ்சம் தானியம் கலந்து செலவைக் குறைக்கலாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 17 சதவீதம் புரதம், 3.8 சதவீதம் கால்சியம் உள்ள தீவனம் முக்கால் பங்கு. மக்காச்சோளம் கால் பங்கு. மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதத்துக்குள், கால்சியம் இல்லை என்றே சொல்லலாம். கலவையில் புரதம் 15 சதவீதமாகவும் கால்சியம் 2.85 சதவீதமாகவும் இறங்கிவிடும். 110 கிராம் தின்றாலும் கால்சியம் 3.1 கிராம்தான். வைட்டமினும் உப்பும் தாதுக்களும் கால் பங்கு போச்சு. மூட்டையில் மிச்சம் பிடித்தது முட்டையில் போகும்.

ஒரு பிடி தானியத்தை மாலையில் தூவுவது, மொத்தத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் பரவாயில்லை. தானியம் கைவசம் நிறைய இருந்தால் லேயர் தீவனத்தை நீர்க்க வைக்காதீர்கள். தானியத்தோடு கலப்பதற்கென்றே விற்கும் அடர்தீவனத்தை வாங்கி, அதன் சீட்டில் சொன்ன விகிதத்தில் கலவுங்கள்.

தொட்டியின் அடியில் தூள் மிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அதைக் கொட்டிவிடலாமா?

அந்தத் தூளில்தான் மெத்தியோனின், வைட்டமின், தாது உப்பு எல்லாம் இருக்கின்றன. கோழி பருமனான குருணையைப் பொறுக்கித் தின்னும். பழைய தூளின்மேல் புதுத் தீவனத்தைக் கொட்டிக்கொண்டே போனால், சீட்டில் இருக்கும் சத்து தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரு நாளில் ஒரு முறையாவது, நண்பகலில், தொட்டி துப்புரவாகக் காலியாகும்படி விட்டு அப்புறம் போடுங்கள். மக்காச்சோளத்தை ஒரே சீராக அரைப்பதும், சிறிது எண்ணெய் சேர்த்துத் தூளைப் படிய வைப்பதும் உதவும்.

வைட்டமின் டானிக் தண்ணீரில் கலந்தால் முட்டை கூடுமா?

குறை இருந்தால் கூடும். இல்லாவிட்டால் கூடாது. தடுப்பூசி, வெயில், இடமாற்றம் போன்ற நாட்களில் சில நாள் கொடுப்பது நியாயம். மாதம் முழுக்கக் கொடுக்க வேண்டியிருந்தால் தீவனக் கலவையில் எதையோ சரிசெய்யாமல் விட்டிருக்கிறோம்.

மஞ்சள் கரு வெளிறியிருந்தால் சத்துக் குறைவா?

பெரும்பாலும் இல்லை. அந்த நிறம் மக்காச்சோளம், பசுந்தழை, சாமந்திப் பூச்சாறு போன்றவற்றில் உள்ள நிறமிகளிலிருந்து வருகிறது. மக்காச்சோளத்துக்குப் பதில் குருணை போட்டால் வெளிறும், புரதம் மாறாது.

முட்டை திடீரென்று குறைந்தால் தீவனமா, நோயா என்று எப்படிப் பிரித்தறிவது?

ஒவ்வொரு குறைக்கும் ஒரு வேகம் உண்டு. தண்ணீர் என்றால் ஓரிரு நாளில் தெரியும். உப்பு என்றால் சில நாளில். கால்சியம் குறைந்தால் இரண்டு மூன்று நாளில் ஓடு சொல்லிவிடும், எண்ணிக்கை பிறகுதான் இறங்கும். அமினோ அமிலக் குறைவில் முட்டை மெல்லச் சிறுத்து, அதன் பிறகு எண்ணிக்கை சரியும். வாரக்கணக்கில் நடப்பதால் பதிவேடு இல்லாதவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். புதிதாகத் திறந்த மூட்டையோடு பிரச்சினை தொடங்கியிருந்தால், அதிலிருந்து ஒரு கிலோவைத் தனியாக எடுத்து வையுங்கள். ஆய்வுக்கு அனுப்ப அது வேண்டும். பூஞ்சை நெடி, கட்டி, நிறமாற்றம் தெரிந்தால் அந்தத் தீவனத்தை நிறுத்திவிடுங்கள், பூஞ்சை நச்சு ஈரலையும் முட்டையையும் ஒருசேரத் தாக்கும்.

தும்மல், கழிச்சல், சாவு, ஓட்டில் சுருக்கம், நீர்த்த வெள்ளைக் கரு ஆகியவை சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். வெளிச்ச நேரம் குறைந்ததா, இறகு உதிர்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் இல்லாத கோழியிடம் எந்தத் தீவனமும் முழு விளைச்சலை வரவழைக்காது.

தீவனத்தைச் சரிசெய்த பிறகு எத்தனை நாளில் முட்டை திரும்பும்?

ஓடு இரண்டு மூன்று நாளில் தேறும். எண்ணிக்கைக்குப் பொறுமை வேண்டும். ஒரு மஞ்சள் கரு வேகமாக வளர்ந்து முதிர 7 முதல் 10 நாட்கள் எடுக்கும். பட்டினிக் காலத்தில் சூலகம் கைவிட்ட கருக்களுக்குப் பதில் புதியவை அந்தக் கால அளவில்தான் வர முடியும். எனவே இன்று மாற்றிய தீவனத்தின் பலனை இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். நான்காம் நாளே பலன் இல்லை என்று மறுபடியும் மாற்றினால், எது உதவியது, எது கெடுத்தது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அந்த இரண்டு வாரமும் தினசரி முட்டை எண்ணிக்கை, 30 முட்டைகளின் மொத்த எடை, ஒரு கோழி தின்ற கிராம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள்.